அம்மா ஹார்மோன் க்ரீம கணக்கில்லாம போடுறாங்க, பேத்தி பக்கத்துலயே படுக்குறா, ஏதாவது ஆகுமா?

டோல்கேட்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டைல இருக்கோம், அம்மா அப்பா நான் என் வீட்டுக்காரர் நாலு வயசு பொண்ணு, ஒரு ஹால் ஒரு ரூம் அவ்ளோதான் வீடு. அம்மாக்கு 58 ஆகுது, பீரியட்ஸ் நின்னு ஏழெட்டு வருஷம் இருக்கும், கர்ப்பப்பை எடுக்கல. ரொம்ப நாளா ஒண்ணுக்கு போற எடத்துல எரிச்சல் அரிப்பு, நீர்க்கடுப்பு போயி போயி திரும்ப வரும், யூரின் டெஸ்ட் எடுத்தா ஒரு தடவ கிருமின்னு வரும் இன்னொரு தடவ ஒண்ணுமே இல்லன்னு வரும், ஆன்டிபயாடிக் சாப்ட்டு சாப்ட்டு வயிறு கெட்டதுதான் மிச்சம். யார்கிட்டயும் சொல்ல கூச்சப்பட்டுகிட்டு பார்லி தண்ணி, மோர், வெந்தயம்னே ஓட்டிட்டாங்க. கடைசில ஒரு லேடி டாக்டர் பாத்துட்டு, ஈஸ்ட்ரோஜன்ற பெண் ஹார்மோன் கொறஞ்சதால உள்ள தோல் காஞ்சு மெலிஞ்சு போச்சும்மா அதான் இவ்ளோ தொந்தரவுன்னு சொல்லி பிறப்புறுப்புக்குள்ள வெக்கிற ஈஸ்ட்ரியால்ங்குற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதிக் குடுத்தாங்க. மொதல்ல ரெண்டு வாரம் டெய்லி நைட்டு, அப்பறம் வாரத்துக்கு ரெண்டு நாள் போதும்னு சீட்டுலயே எழுதிருக்கு.

பிரச்சன என்னன்னா போட்ட கொஞ்ச நாள்லயே எரிச்சல் போயிடுச்சு, அம்மாக்கு ஒரே சந்தோஷம், அதனால டெய்லி போடுறத நிறுத்தவே இல்ல. மாசத்துக்கு ரெண்டு ட்யூப் காலி ஆவுது. க்ரீம உள்ள வெக்க ஒரு குழாய் குடுப்பாங்க, அதுல அளவுக்கு கோடு இருக்குல்ல, அதெல்லாம் பாக்குறதில்ல, ரொம்ப அழுத்துறாங்க, வெளிய வழிஞ்சத வீணாப் போவுதேன்னு கையிலயும் குதிகால் வெடிப்புலயும் தேச்சுக்குறாங்க. காசு குடுத்து வாங்குனதாம். அப்படியே வந்து பாப்பாவ கட்டிப் புடிச்சுட்டு படுத்துடுவாங்க, அவளுக்கு ஆயா கைய புடிச்சாதான் தூக்கம் வரும்.

போன வாரம் பாவாடைல லேசா ரத்தக்கறை மாதிரி பாத்தேன். கேட்டா உடம்பு சூடுன்னு சொல்றாங்க. க்ரீம் டப்பால இருந்த பேப்பர்ல பாத்தா மார்பகப் புற்றுநோய் பக்கவாதம்னு என்னென்னமோ போட்ருக்கு, படிச்சதுல இருந்து எனக்கு தூக்கமே இல்ல. போன தடவ மெடிக்கல் ஷாப்ல அந்த கம்பெனி இல்லன்னு வேற ஒண்ணு குடுத்து ரெண்டும் ஒண்ணுதான்மா கோடு வரைக்கும் போடுங்கன்னாங்க, அது வேற பயமா இருக்கு. இப்ப சடனா நிறுத்தலாமா? பாப்பாக்கு ஏதாவது ஆகுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கல்மண்டபம்_அக்கா:
பயப்படாத ம்மா, வயசானா எல்லாருக்கும் இந்த தொல்ல கீது, யாரும் வாயத் தொறக்கறதில்ல அவ்ளோதான். எங்க ஓர்ப்படியும் இப்டித்தான் வருசக்கணக்கா அவஸ்தப்பட்டுக்கினு இருந்தா. இந்த இங்கிலீஷ் ஹார்மோனெல்லாம் எதுக்கு, ஆன்லைன்ல காட்டு வள்ளிக்கிழங்குல செஞ்ச நேச்சுரல் ப்ரோஜெஸ்டிரோன் க்ரீம்னு விக்கிறாங்க, வயித்துல தடவுனா போதுமாம், சைட் எஃபெக்ட் இல்லியாம், நம்ம பக்கத்து வூட்டு பொண்ணு வாங்கிக் குடுத்துச்சு. பாத்துக்கோ.

ஸ்டாஃப்நர்ஸ்_ராயபுரம்:
டோல்கேட் சிஸ்டர், மத்ததெல்லாம் அப்பறம். மொதல்ல அந்த ரத்தக்கறை. மாதவிடாய் நின்னு ஒரு வருஷம் தாண்டுனப்பறம் ஒரு சொட்டு பட்டாலும், கறை லேசா இருந்தாலும், அத டாக்டர் பாத்தே ஆகணும். சூடுன்னு வெட்டிவேர் தண்ணி குடிச்சு உக்காரக்கூடாது. முக்காவாசி பேருக்கு பெருசா ஒண்ணும் இருக்காது, மெலிஞ்ச தோல் உரசுனாலே கூட ரத்தம் படும், ஆனா கர்ப்பப்பை உள் சுவர் தடிச்சிருக்கா, அங்க புற்றுநோய் ஏதாவது ஆரம்பிக்குதான்னு பாத்து இல்லன்னு சொல்லணும்ல. உள்வழியா ஒரு ஸ்கேன் எடுப்பாங்க, அதுல சுவர் 4 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா ஆபத்து ரொம்ப கம்மி, அதுக்கு மேல இருந்தா துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க. கறை படுறது திரும்பத் திரும்ப வந்தா சுவர் மெலிசா இருந்தாலும் மேல பாக்கணும். உங்களுக்கு பக்கத்துலயே ஆர்எஸ்ஆர்எம் கவர்மென்ட் ஆஸ்பத்திரி இருக்கு, பேருதான் பிரசவ ஆஸ்பத்திரி, கைனிக் ஓபி எல்லா வயசுக்காரங்களுக்கும் உண்டு. காலைல சீக்கிரம் போய் சீட்டு போட்டுடுங்க. போறப்ப க்ரீம் ட்யூபு, ரெண்டு கம்பெனியும், அந்த பேப்பரு எல்லாத்தையும் பைல போட்டு எடுத்துட்டு போங்க, வாயால வெள்ளை க்ரீம்னு சொன்னா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது.

டாக்டர பாக்குற வரைக்கும் க்ரீம் வேணாம். இது பிரஷர் மாத்திரை மாதிரி ஒரு நாள் விட்டா ஏறிடுற விஷயமில்ல, நிறுத்துனா பழைய எரிச்சல் மெதுவா வரலாம், அவ்ளோதான்.

டெய்லி போட்டா என்னன்னு அம்மா கேப்பாங்க, அவங்களுக்கு இப்படி சொல்லுங்க. ஆரம்பத்துல உள்தோல் ரொம்ப மெலிசா இருக்கும், க்ரீம் போட்டா மருந்து ரத்தத்துக்குள்ளயும் கொஞ்சம் போகும். தோல் தேறுனப்பறம் உள்ள போறது கொறஞ்சிடும், தேறுன தோல அப்படியே வெச்சிக்க வாரத்துக்கு ரெண்டு நாளே தாராளம். அதுக்கு மேல போடுறதால எரிச்சல் இன்னும் நல்லா கேக்கும்னு இல்ல, மருந்து வேலையே இல்லாம உடம்புல சேரும், மார்பு கனக்கும், வெள்ளைப் படும், கர்ப்பப்பை சுவர தூண்டி விடும். குறைஞ்ச அளவுல போடுறப்ப கர்ப்பப்பை இருந்தாலும் கூட சுவர் தடிக்காம பாத்துக்குற ப்ரோஜெஸ்டிரோன் ஹார்மோன் பொதுவா தேவையில்லன்னு சொல்றதே அந்த அளவ தாண்ட மாட்டாங்கன்ற நம்பிக்கைலதான். டெய்லி ரெண்டு மடங்கு போட்டா அந்தக் கணக்கு செல்லாது.

அப்பறம் கல்மண்டபம் அக்கா, கோச்சிக்காதீங்க. வள்ளிக்கிழங்குல இருக்குற டயோஸ்ஜெனின வெச்சு லேப்ல ப்ரோஜெஸ்டிரோன் செய்ய முடியும், அது நெசம். ஆனா நம்ம உடம்புக்கு அந்த வேலை தெரியாது, கிழங்க தின்னாலும் தேச்சாலும் அது கிழங்குதான். நெசமாவே ப்ரோஜெஸ்டிரோன் கலந்த க்ரீமா இருந்தாலும், தோல் வழியா போறது கர்ப்பப்பைக்கு பாதுகாப்பு குடுக்குற அளவுக்கு பத்தாது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோ ஜெல்லோ எடுக்குற ஒருத்தர் மாத்திரை ப்ரோஜெஸ்டிரோன விட்டுட்டு இத நம்புனா கஷ்டம்.

மெடிக்கல்_தம்பி:
நான் கொடுங்கையூர் சைடு ஒரு பார்மசில வேலை பாக்குறேன், டி.பார்ம். அந்த ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னது எனக்கு கடுப்பா இருக்கு. அக்கா ட்யூப திருப்பி சின்ன எழுத்த பாருங்க. ஈஸ்ட்ரியால் க்ரீம்னா ஒரு கிராம்ல 1 மில்லிகிராம் மருந்து, குழாய்ல வளையம் மாதிரி கோடு வரைக்கும் இழுத்தா அரை கிராம் க்ரீம், அதாவது 0.5 மில்லிகிராம். இன்னொண்ணு கான்ஜுகேட்டட் ஈஸ்ட்ரோஜன்ஸ்னு போட்ருந்தா அது ஒரு கிராம்ல 0.625 மில்லிகிராம். நம்பர் சின்னதா இருக்குன்னு பவர் கம்மின்னு நெனைக்காதீங்க, ஈஸ்ட்ரியால் தான் இதுல ரொம்ப வீக்கான சரக்கு, அது ஸ்ட்ராங். அதோட குழாய்ல அரை, ஒண்ணு, ஒன்றரை, ரெண்டு கிராம்னு நாலு கோடு வரும், கோடு வரைக்கும் போடுங்கன்னா எந்தக் கோடு? நெறைய பேருக்கு அரை கிராமே போதும், மேல் கோடு வரைக்கும் இழுத்தா நாலு மடங்கு. அதனால கம்பெனி மாறுனா பரவால்ல, உள்ள இருக்குற மருந்து பேரும் ஒரு கிராமுக்கு எவ்ளோன்றதும் மாறக்கூடாது, மாறுனா எழுதுன டாக்டர்கிட்ட கேக்காம போடாதீங்க.

இன்னொரு கணக்கு. ஈஸ்ட்ரியால் ட்யூப் 15 கிராம். அரை கிராம்னா 30 தடவ வரும். மொத ரெண்டு வாரத்துக்கு 14 போச்சு, மிச்சம் 16, வாரத்துக்கு ரெண்டுன்னா எட்டு வாரம். ஆக ஒரு ட்யூப் ரெண்டு மாசத்துக்கு மேல ஓடணும். உங்க வீட்ல மாசத்துக்கு ரெண்டு, அதாவது 30 கிராம், ஒரு நாளைக்கு ஒரு கிராம். அம்மா ஒரு வாரத்துக்கு போட வேண்டியத ஒரே நாள்ல காலி பண்றாங்க, அதுல கை கால்ல தேச்சது எவ்ளோன்னு அவங்களுக்குத்தான் வெளிச்சம். குதிகால் வெடிப்புக்கு வேசலின் போதும்க்கா, விலையும் கம்மி.

ஐரோப்பால 0.01 சதவீத எஸ்ட்ரடையால்னு இன்னொரு வகை ஈஸ்ட்ரோஜன் க்ரீம் ஒண்ணு இருக்கு, அத நாலு வாரத்துக்கு மேல போடக்கூடாதுன்னு 2020ல கட்டுப்பாடே கொண்டு வந்தாங்க, காரணம் ரத்தத்துல அளவு ஏறுறது தான். க்ரீம்தானேன்னு லேசா எடுத்துக்குற ஆளுங்களுக்காக சொல்றேன்.

டோல்கேட்_பொண்ணு:
ஐயோ இப்பதான் ட்யூப பாத்தேன், ரெண்டாவது வாங்குனது கான்ஜுகேட்டட் தான். பீரோக்குள்ள வெச்சு பூட்டிட்டேன், அம்மா மூஞ்சிய தூக்கி வெச்சிருக்காங்க. நாளைக்கு லீவு போட்டுட்டு கூட்டிட்டு போறேன். பாப்பா விஷயம் யாராவது சொல்லுங்களேன், அவ சாதாரணமாதான் இருக்கா.

கொருக்குப்பேட்டை_ஜிம்பாய்:
க்கா பசங்க மேல ஒட்டுறது சும்மா கத இல்ல, நெசம். எங்க சித்தப்பாக்கு பிட்யூட்டரில ஆபரேஷன் ஆச்சு, அதுக்கப்பறம் டாக்டர் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் போட சொல்லிக்கீறாரு, 1 பர்சன்ட், ஒரு பாக்கெட் 5 கிராம், அதுல 50 மில்லிகிராம் மருந்து, அதுலயும் பத்துல ஒரு பங்குதான் உள்ள போவுமாம், மீதி தோலு மேலயே குந்தினு இருக்கும். அந்த மீதி தான் மேட்டரே. அப்பன் தோள்ல சாஞ்சு தூங்குற கொழந்தைக்கு அது ஒட்டிக்கினு சின்ன வயசுலயே மயிர் மொளைக்கிறது, ஆணுறுப்பு பெருசாவறது, எலும்பு வயசு ஏறி போறதுன்னு ஆனதால 2009ல அமெரிக்கால மருந்துங்கள கண்காணிக்கிற எஃப்டிஏ டப்பா மேலயே கறுப்பு கட்டம் கட்டி வார்னிங் போட வெச்சுது. சித்தப்பா வூட்ல காலைல குளிச்சிட்டு வந்து தோள்லயும் மேல் கையிலயும் போட்டுட்டு, காயிற வரைக்கும் நின்னுட்டு, சோப்பு போட்டு கை கழுவிட்டு, முழு டீசர்ட் மாட்டிப்பாரு. பேரன் ஓடியாந்தா மொதல்ல டீசர்ட்ட இழுத்து வுட்டுக்குவாரு. பனியனோட குந்தினு இருக்கற ஆளு வெயில் காலத்துலயும் டீசர்ட்டோடதான்.

அப்டியே ஒண்ணு சொல்லிக்கிறேன், எங்க ஜிம்ல ரெண்டு பசங்க பாடி ஏறும்னு இந்த ஜெல்ல எவன்கிட்டயோ வாங்கி தடவுறானுங்க. டேய் வெளிய இருந்து ஊத்துனா உள்ள இருக்குற பேக்டரி மூடிடும்டா, விந்து எண்ணிக்க கொறையும், கொட்ட சுருங்கும்னு சொன்னா சிரிக்கிறானுங்க. கல்யாணம் ஆனப்பறம் தெரியும்.

ஸ்டாஃப்நர்ஸ்_ராயபுரம்:
தம்பி சொன்னது சரி. ஆனா டோல்கேட் சிஸ்டர், உங்க வீட்டு விஷயம் அதுல பாதிதான். தோள்ல தொடைல போடுற ஜெல்லு, ஸ்ப்ரே தான் அடுத்தவங்க மேல ஒட்டுறதுல மொத எதிரி. ஈஸ்ட்ரோஜன் ஸ்ப்ரே போட்டவங்க கை பட்டு சின்ன பசங்களுக்கு மார்பு வீங்குச்சுன்னு, வீட்டு நாய்க்குக் கூட காம்பு பெருசாச்சுன்னு 2010ல எஃப்டிஏ எச்சரிக்கை விட்டுச்சு. உள்ளுக்குள்ள வெக்கிற க்ரீம் ஒழுங்கா வெச்சு கை கழுவிட்டா பக்கத்துல படுத்திருக்குற கொழந்தைக்கு ஒண்ணும் இல்ல. உங்க அம்மா வழிஞ்சத கையில தேச்சுட்டு அந்தக் கையோட பாப்பாவ புடிச்சிட்டு படுத்தாங்கல்ல, அது மட்டும்தான் தப்பு. இத்தோட நிறுத்துனா போதும். பாப்பாக்கு மார்புக் காம்பு கீழ கட்டி மாதிரி, தொட்டா வலி, வெள்ளைப் படுறது, கீழ முடி, திடீர்னு உயரம், இப்படி ஏதாவது கண்ணுல பட்டா கொழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க, காட்டுறப்ப வீட்ல ஹார்மோன் க்ரீம் இருக்குன்றத சேத்து சொல்லுங்க, அவங்களா கேக்க மாட்டாங்க. வெளி மருந்தால வந்ததுன்னா தொடுறது நின்னதும் பெரும்பாலும் அடங்கிடும்.

ஒரே ரூம்ல அஞ்சு பேர் படுக்குற வீட்டுக்கு எந்த மருந்து பேப்பரும் எழுதல, அதனால நம்மதான் ஒரு வழி பண்ணிக்கணும். பாப்பா தூங்குனப்பறம் பாத்ரூம்லயே படுக்கைக்கு போற கடைசி வேலையா போடட்டும், சோப்பு போட்டு கழுவிட்டு நேரா வந்து படுக்கட்டும். போட்டுட்டு நடமாடுனா வழியும், அதனாலதான் நைட்டு. அந்தக் குழாய வெதுவெதுப்பான சோப்பு தண்ணில கழுவி காய வெக்கணும், கொதிக்கிற தண்ணில போட்டுடாதீங்க, பிளாஸ்டிக் கோணிக்கும், அப்பறம் கோடு காட்டுற அளவு தப்பாயிடும். ஒரு நாள் மறந்துட்டா அடுத்த தடவ டபுளா போடக்கூடாது.

அந்த பேப்பர்ல இருக்குற பயமுறுத்தல் பத்தி: அதுக்கு மூலம் அமெரிக்கால நடந்த விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்னு பெரிய ஆய்வு, 2002ல ரிசல்ட் வந்துச்சு. அதுல குடுத்தது வாய் வழியா மாத்திரை, ஈஸ்ட்ரோஜனும் ப்ரோஜெஸ்டின் வகையும் சேத்து, பொம்பளைங்க சராசரி வயசு 63. அந்த எச்சரிக்கைய அப்படியே எல்லா ஈஸ்ட்ரோஜன் மருந்து மேலயும் ஒட்டிட்டாங்க. கொஞ்சூண்டு உள்ள வெக்கிற க்ரீமுக்கும் அதே மெரட்டலான்னு ரொம்ப வருஷமா டாக்டருங்க கேட்டுட்டே இருந்தாங்க, 2025 நவம்பர்ல எஃப்டிஏவே அந்தக் கறுப்பு கட்ட எச்சரிக்கைய எடுக்குற வேலைய ஆரம்பிச்சிருக்கு. அதுக்காக எல்லாரும் போடலாம்னு இல்ல. மார்பகப் புற்றுநோய் வந்தவங்க, அதுலயும் ஈஸ்ட்ரோஜன கொறைக்க லெட்ரோசோல் அனஸ்ட்ரோசோல் மாத்திரை சாப்புடுறவங்க, கேன்சர் டாக்டர கேக்காம ட்யூப தொடவே கூடாது. காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தாலும் கூடாது, உங்க அம்மா இப்ப அந்த எடத்துலதான் இருக்காங்க.

வியாசர்பாடி_மாமி:
இந்த ஹார்மோன் க்ரீம்ல மூஞ்சிக்கு போடுற க்ரீமும் சேத்தியா? என் பொண்ணு வெள்ளையாவணும்னு ஒண்ணு போடுறா, நாத்தனார் பையன் தொடை இடுக்குல படைக்கு ஒண்ணு போடுறான், ரெண்டுமே கடைல சும்மா கேட்டு வாங்குனது.

மெடிக்கல்_தம்பி:
மாமி ரெண்டுலயும் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல், மொமெட்டசோன்னு ஏதாவது இருக்கான்னு பாருங்க, இருந்தா அது ஸ்டீராய்டு, அதுவும் ஹார்மோன் ஜாதிதான். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்தத போட்டா அரிப்பு உடனே நிக்கும், பூஞ்சை உள்ள ஜாலியா பரவும், விட்டதும் ரெண்டு மடங்கா வரும், அப்பறம் எந்த மருந்துக்கும் லேசுல அடங்காது. மூஞ்சில மாசக்கணக்கா போட்டா தோல் மெலிஞ்சு செவந்து முடி மொளச்சு பரு வந்து, வெயில்ல போனா எரியும், நிறுத்துனா இன்னும் எரியும். 2018ல இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம் பதினாலு ஐட்டத்த ஷெட்யூல் எச்ல சேத்தாங்க, சீட்டு இல்லாம குடுக்கக்கூடாது. குடுக்குறாங்களான்னு கேக்காதீங்க, வயித்தெரிச்சல். பொண்ண தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, ஸ்டான்லி ஆஸ்பத்திரில தோல் ஓபி இருக்கு.

டாக்டரே எழுதுனதா இருந்தா அளவுக்கு ஒரு ஈஸி வழி இருக்கு, ஆள்காட்டி விரல் நுனில இருந்து மொத மடிப்பு வரைக்கும் ட்யூப பிதுக்குனா ஏறக்குறைய அரை கிராம், பெரியவங்க ரெண்டு உள்ளங்கை அகலத்துக்கு, விரலோட சேத்து, அது போதும். இது தோல் மேல போடுற ஸ்டீராய்டுக்கு மட்டும் மாமி, மேல பேசுன க்ரீமுக்கு அந்தக் குழாய் கோடுதான், விரல் கணக்கு போட்டு கொழப்பிக்காதீங்க.

டோல்கேட்_பொண்ணு:
போயிட்டு வந்தோம். கூட்டம் செம, ஆனா உள்ள இருந்த டாக்டரம்மா பொறுமையா கேட்டாங்க. ரெண்டு ட்யூபையும் டேபிள்ல வெச்சதும் அவங்களே சிரிச்சிட்டு எது எப்ப போட்டீங்கம்மான்னு அம்மாகிட்ட கேட்டாங்க, அம்மா என்ன பாத்து மொறைக்கிறாங்க. ஸ்கேன்ல சுவர் 3 மில்லிமீட்டர் சொச்சம், இப்போதைக்கு சதை எடுக்க வேணாம்னாங்க, ஆனா இன்னொரு தடவ கறை பட்டா அன்னைக்கே வரணும்னு சீட்டுல கோடு போட்டு எழுதிட்டாங்க. கர்ப்பப்பை வாய் புற்றுநோய் இருக்கான்னு பாக்க வழக்கமா எடுக்குற பாப் டெஸ்ட்டும் எடுத்துட்டாங்க. ஒரு மாசம் எதுவும் வேணாம், அப்பறம் பழைய ஈஸ்ட்ரியால் மட்டும், அரை கிராம், செவ்வாயும் வெள்ளியும். அம்மாக்கு அந்தக் கிழம ரொம்ப புடிச்சிருக்கு, கோயிலுக்கு போற நாளு மறக்காதாம். மருந்துக் குழாய்ல கோடு தெரியுற மாதிரி நான் சிவப்பு நெயில் பாலிஷ் தடவி வெச்சிட்டேன், கண்ணாடி போடாமலே தெரியுது. எல்லாருக்கும் தேங்க்ஸ்.

பேர்_வேணாம்:
கேக்க ஒரு மாதிரியா இருக்கு, பேர் தெரியாதுல்ல அதான் கேக்குறேன். எனக்கு 52, இதே க்ரீம்தான், உறவு வெச்சிக்கும்போது வலிக்குதுன்னுதான் டாக்டர் குடுத்தாங்க. அப்போ அத நேரத்துல வழவழப்புக்கு போட்டுக்கலாமா? அவருக்கு ஏதாவது ஆகுமா?

ஸ்டாஃப்நர்ஸ்_ராயபுரம்:
நல்ல கேள்வி ம்மா, ஓபில இத கேக்க வந்துட்டு கேக்காமலே எழுந்து போறவங்கதான் ஜாஸ்தி. அந்த நேரத்துக்கு போடாதீங்க, அவர் தோல் வழியா அவருக்குள்ள போகும், உங்களுக்கும் அளவு கொறையும். க்ரீம் தோல தேத்தி வலிய கொறைக்கத்தான், அதுக்கே சில வாரம் ஆகும். வழவழப்புக்கு தண்ணி கலந்த ஜெல் மெடிக்கல்ல தனியா கெடைக்கும். க்ரீம உறவு இல்லாத நைட்டு வெச்சிக்கோங்க, இல்லன்னா எல்லாம் முடிஞ்சு தூங்கப் போறப்ப. ஆணுறை யூஸ் பண்றவங்கன்னா ஒரு விஷயம், சில ஈஸ்ட்ரோஜன் க்ரீம்ல இருக்குற எண்ணெய் ரப்பர வீக்காக்கி கிழிச்சிடும், ட்யூப் பேப்பர்ல லேட்டக்ஸ்னு எங்கயாவது இருக்கான்னு தேடிப் பாருங்க.